ஸ்னாப்பிங் ஆமைக் குஞ்சு விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தொண்டி முதல் ஏர்வாடி வரையுள்ள கடலோர ஊர்களிலும் இராமநாதபுரம் நகரிலும் வண்ணமீன் கடை, செல்லப்பிராணிக் கடை நடத்தும் உரிமையாளர்கள்.

அன்புடையீர்,

வணக்கம். வெளியூரிலிருந்து வரும் வண்ணமீன் பெட்டிகளோடு ஸ்னாப்பிங் ஆமைக் குஞ்சுகளும் நம் பகுதிக்கு வந்து சேர்கின்றன. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியதாக, முதுகில் மூன்று வரிசை மேடுகளும் நீண்ட வாலுமாக இருக்கும் அந்தக் குஞ்சு, கையடக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், ஒரு பொட்டலம் குச்சித் தீவனத்தோடு கைமாறுகிறது. அது எவ்வளவு வளரும், என்ன தின்னும், எங்கே இருக்க வேண்டும் என்பவை வாங்கிச் செல்பவருக்குத் தெரிவதில்லை. விற்பதாயின் இவற்றை எழுத்தில் கொடுத்த பிறகே விற்க வேண்டும் என்றும், வளர்க்க இயலாமல் திரும்பக் கொண்டுவருபவரிடமிருந்து மறுக்காமல் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றும் தங்களைக் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

இந்த ஆமையின் தாயகம் வட அமெரிக்கா. தெற்குக் கனடாவிலிருந்து மெக்சிகோ வளைகுடாக் கரை வரையுள்ள குளங்களிலும் சதுப்புகளிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் அது வாழ்கிறது. முழுதாக வளர்ந்ததன் ஓடு பெரும்பாலும் 20 முதல் 36 சென்டிமீட்டர் வரை நீளும், எடை 4.5 முதல் 16 கிலோ வரை இருக்கும். வீட்டில் தீனி மிகுந்தால் அதையும் தாண்டும். கனடாவின் அல்கோன்குவின் பூங்காவில் 1972 முதல் இந்த ஆமைகளை அடையாளமிட்டுக் கண்காணித்து வருகிறார்கள். ஒரு மனித ஆயுளுக்கு ஈடாக அவை வாழக்கூடும் என்பது அங்கிருந்து கிடைத்த அறிவு. பத்து வயதுப் பிள்ளை அடம்பிடித்து வாங்கும் குஞ்சை, அந்தப் பிள்ளை பேரன் பேத்தி எடுத்த பின்னும் யாரேனும் பராமரிக்க வேண்டியிருக்கும்.

இடத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். குஞ்சுக்கு ஓராண்டு வரை கண்ணாடித் தொட்டி போதும். ஆனால் அழகுக்காகத் தொட்டியை விளிம்பு வரை நிரப்பித் தருவது தவறு. இந்த ஆமை நீந்துவதைக் காட்டிலும் அடித்தரையில் நடப்பதையே விரும்பும். நின்ற இடத்திலிருந்து கழுத்தை நீட்டினால் மூக்கு நீர்மட்டத்துக்கு மேல் வர வேண்டும். ஏறி நிற்கக் கல்லோ கட்டையோ இல்லாத ஆழமான தொட்டியில் குஞ்சு களைத்து மூழ்கிவிடும். ஒளிந்துகொள்ள ஓர் ஓட்டுத்துண்டு அவசியம். மறைவில்லாத இடத்தில் அது தீனி எடுக்கத் தயங்கும்.

வளர்ந்த ஆமைக்குக் கண்ணாடித் தொட்டி பயன்படாது. சிமெண்டுத் தொட்டிதான் வேண்டும். எட்டடி நீளம், நான்கடி அகலம், ஒன்றரை அடி நீராழம் என்பது என் கணிப்பில் குறைந்தபட்ச அளவு. அத்தொட்டி ஏறத்தாழ 1,350 லிட்டர் கொள்ளும். பதினைந்து லிட்டர் குடத்தால் ஊற்றினால் தொண்ணூறு குடம். இந்த ஆமை நிறையக் கழிக்கும் என்பதால் நல்ல வடிகட்டி இருந்தாலும் வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு நீரையாவது மாற்ற வேண்டும்; அது முப்பது குடம். நிலத்தடி நீர் உவர்த்துப்போன ஊர்களில், தள்ளுவண்டியில் குடம் அடுக்கி நல்ல தண்ணீர் கொண்டுவரும் நம் வீடுகளில், இந்த முப்பது குடம் யாருக்கு மிச்சமிருக்கிறது என்பதை விற்பதற்கு முன் கேட்டாக வேண்டும். (கழிவு நீர் தென்னைக்கும் வாழைக்கும் நல்ல உரம், என் வீட்டில் அதில் ஒரு சொட்டும் வீணாவதில்லை.)

நீரின் வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது இதற்கு உகந்தது. நம் சித்திரை வெயிலில் திறந்தவெளித் தொட்டி அந்த அளவை எளிதில் கடந்துவிடும். ஆகவே தொட்டியின் பாதிக்கு மேல் கீற்றுக்கூரை வேய வேண்டும். மீதிப் பகுதியில் காலை வெயில் விழ வேண்டும். ஓடும் எலும்பும் உறுதிப்படத் தேவையான டி3 உயிர்ச்சத்து உடலில் உருவாகப் புற ஊதாக் கதிர் உதவுகிறது. சன்னல் கண்ணாடி அந்தக் கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், கூடத்தில் சன்னலோரம் வைப்பது வெயில் காட்டியதாகாது. சுவர் நீர்மட்டத்துக்கு மேல் இன்னும் ஒன்றரை அடியாவது உயர்ந்து, மேல்விளிம்பு உட்பக்கம் நீண்டிருக்க வேண்டும். இந்த ஆமை நன்றாக ஏறும். முட்டையிடும் பருவத்துப் பெண் ஆமை மண் தேடி வெகுதூரம் நடந்துவிடும்.

உணவில் நம் கடற்கரைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மீன் மலிவாகக் கிடைப்பதால், கரைவலையில் வரும் நெத்திலியையும் சூடையையும் அன்றாடம் போட்டால் போதும் என்று பலரும் எண்ணுகிறார்கள். நெத்திலி, சாளை இனத்து மீன்கள் பலவற்றில் தயாமினேஸ் என்னும் நொதி இருக்கிறது. அது பி1 உயிர்ச்சத்தைச் சிதைத்துவிடும். அவற்றை மட்டுமே நாள்தோறும் தின்னும் ஆமைக்கு நரம்புத் தளர்ச்சி ஏற்பட்டு, நாளடைவில் நடக்கவே முடியாமல் போகும். எலும்பு நீக்கிய கோழிக்கறியும் ஈரலும் மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்துக் குறைந்து ஓடு மென்மையாகிக் கோணிவிடும். கருவாடு உப்பு நிறைந்தது. அதை அறவே கொடுக்கக் கூடாது.

காட்டில் இந்த ஆமை மீன், தவளை, நத்தை, பூச்சி, செத்த விலங்கு எல்லாவற்றையும் தின்னும். நீர்ச்செடிகளையும் கணிசமாக மேயும். அப்படிக் கலந்த உணவை வீட்டிலும் கொடுக்க முடியும். கண்மாயில் பிடிபடும் சிறிய ஜிலேபி மீனை முள்ளோடு முழுதாகக் கொடுக்கலாம். மண்புழு, தரமான குச்சித் தீவனம், நீர்ப்பாசி, பூசணித்துண்டு ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். கரையில் ஒதுங்கும் கணவாய் மீனின் ஓட்டை நல்ல நீரில் இரண்டு நாள் ஊறவைத்து உப்பு நீக்கி, தொட்டியில் மிதக்கவிட்டால் வேண்டும்போது கடித்துக்கொள்ளும். சுண்ணாம்புச்சத்துக்காகக் கடையில் எதுவும் வாங்கத் தேவையில்லை. குஞ்சுக்கு நாள்தோறும் சிறிதளவு, ஓராண்டுக்குப் பின் ஒருநாள் விட்டு ஒருநாள், வளர்ந்ததற்கு வாரம் இரண்டு மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் அதன் தலையளவு என்பது பொதுவான கணக்கு. காலிடுக்கில் சதை பிதுங்கத் தொடங்கினால் தீனியைக் குறைக்க வேண்டும். எப்போதும் பசித்ததுபோல வாயைத் திறந்துகொண்டு வருவது இதன் இயல்பு. அதைக் கண்டு இரங்கி அள்ளிப் போடுவதுதான் இதற்குச் செய்யும் பெரிய கேடு.

இதன் அடிப்பக்க ஓடு மிகச் சிறியது. தலையையும் கால்களையும் முழுதாக உள்ளிழுத்துக்கொள்ள இதனால் முடியாது. அதனால்தான் தரையில் இருக்கும்போது கடித்துத் தற்காத்துக்கொள்கிறது. கழுத்து பக்கவாட்டில் ஓட்டின் பாதிக்கும் மேல் எட்டும். வாலைப் பிடித்துத் தூக்கினால் முதுகெலும்பு கெடும். ஓட்டின் பின்பாதியை இரு கைகளாலும் ஏந்த வேண்டும், அல்லது அகலமான பெட்டிக்குள் நடக்கவிட வேண்டும். எந்த ஆமையைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சால்மோனெல்லா நுண்ணுயிரி குழந்தைகளுக்குப் பரவியதால், 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதை அமெரிக்கா 1975-இலேயே தடை செய்தது. தாய்நாட்டிலேயே தடைசெய்யப்பட்ட அளவுக் குஞ்சுதான் இங்கே டப்பாவில் இருக்கிறது.

தண்ணீரும் தீனியும் கட்டுப்படியாகாமல் போகும் வீட்டில் அடுத்து என்ன நடக்கும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இப்போது என்னிடம் வளரும் ஆமை, வளைகுடா நாட்டுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பம் ஊருணியில் விடவிருந்தது. வனத்துறைக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட்டுப் பெற்றுக்கொண்டேன். பாவம் பார்த்துக் கண்மாயிலோ கோயில் குளத்திலோ விடுபவர்கள் கெட்டவர்கள் அல்லர். கடலாமை சிக்கினால் வலையை அறுத்து அதை விடுவிக்கும் ஊர் இது. அந்த மனம்தான் இதையும் நீரில் விடச் சொல்கிறது. ஆனால் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் போன்ற பறவைக் கண்மாய்களுக்கு இந்த ஆமை அயலானது. அங்குள்ள பாலாமைக்கும் தவளைக்கும் மீனுக்கும் அது போட்டியும் பகையும் ஆகும். அமெரிக்கக் கிழக்குக் கரையின் உவர்ச் சதுப்புகளிலும் சில வாழ்வதால், நம் நீர் உவர்ப்பு என்று ஆறுதல் கொள்ள முடியாது. ஒருமுறைக்கு இருபது முதல் நாற்பது முட்டை வரை இடுவது இதன் வழக்கம். ஜப்பானின் சிபா மாநிலத்து இன்பா ஏரிப் பகுதியில், கைவிடப்பட்ட வளர்ப்பு ஆமைகள் பெருகிவிட, 2005-இல் அந்நாடு இதைத் தீங்கு செய்யும் அயல் இனமாக அறிவித்தது. இதுபோலவே வளர்ப்புக்காக நம் மண்டபம் ஊருக்கு வந்த கப்பாஃபைகஸ் என்னும் அயல் கடற்பாசி, குருசடைத் தீவின் பவளப்பாறைகளில் படர்ந்ததை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்ததை நாம் மறந்துவிடவில்லை.

சட்டத்தையும் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன். சைட்டிஸ் என்பது காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை. 2022-இல் பனாமாவில் கூடிய அதன் மாநாடு இந்த ஆமையை, அனுமதி ஆவணத்தோடு மட்டுமே நாடுவிட்டு நாடு விற்கக்கூடியவற்றின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணை சைட்டிஸ் பட்டியலைத் தழுவியது. அதிலுள்ள உயிருள்ள விலங்கை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்கின்றன 2024-ஆம் ஆண்டு விதிகள். சரக்கு எடுக்கும் முன் வனத்துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் விளக்கம் பெற்று, இறக்குமதி ஆவணமின்றி வரும் குஞ்சைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

திரும்பி வரும் ஆமைகளை வைக்க, கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு பொதுத் தொட்டி கட்டலாம். அதன் அளவும் வடிகால் அமைப்பும் வரைந்து தரவும், வாரம் ஒருமுறை வந்து தீனியைக் கவனிக்கவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன். அதுவரை, குஞ்சு கேட்டு வருபவரை வாங்குவதற்கு முன் என் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். தொட்டியையும், அதற்கு ஊற்றும் குடங்களையும், ஆமையின் இன்றைய அளவையும் அவரே பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கீழக்கரையில் ஆமை வளர்க்கும் ஒருவர்