மே 17க்குப் பிள்ளைகளை அனுப்புங்கள், நீங்களும் கூடப் போங்கள்

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை இடைவேளையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்து, "ரீச்சர், பதினேழாம் திகதி கொடி பிடிச்சு நடந்திட்டு, பதினெட்டாம் திகதி விளக்குக் கொளுத்தினால் பிழையா?" என்று கேட்டாள். "பிழையில்லை அம்மா" என்று மட்டும்தான் அப்போது சொல்ல முடிந்தது. அதே கிழமை பெற்றோரில் சிலரும் தொலைபேசியில் இதைத்தான் வேறு விதமாகக் கேட்டீர்கள். முள்ளிவாய்க்கால் நினைவு நாளுக்கு முதல் நாள், பிள்ளைகளை நோர்வேயின் தேசிய நாளான மே 17 கொண்டாட்டத்துக்கு அனுப்பத்தான் வேண்டுமா?

அனுப்புங்கள். அந்த நாள் எப்படி வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியும் அனுப்புங்கள்.

நோர்வே நூற்றாண்டுகளாக டென்மார்க் அரசரின் கீழ் இருந்தது. நெப்போலியன் பக்கம் நின்ற டென்மார்க் தோற்றதும், 1814 ஜனவரியில் நோர்வேயை சுவீடனுக்கு விட்டுக்கொடுத்தார்கள். இங்குள்ள மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வசந்தகாலத்தில் எய்ட்ஸ்வோல் என்ற இடத்தில் ஒரு பெரிய வீட்டில் 112 பிரதிநிதிகள் கூடி, தங்களுக்கென்று ஓர் அரசியலமைப்பை எழுதி, மே 17 அன்று கையெழுத்திட்டார்கள். ஆனாலும் அந்த ஆண்டு முடிவதற்குள் சுவீடனோடு இணைய வேண்டியே வந்தது. முழுதாகப் பிரிந்தது 1905இல். ஆக, தனிநாடு கையில் இல்லாமலே தொண்ணூறு வருடம் இந்த நாளை விடாமல் நினைத்திருக்கிறார்கள். 1829இல் தலைநகரின் சந்தைச் சதுக்கத்தில் இந்த நாளைக் கொண்டாடக் கூடியவர்களைப் படையை விட்டுக் கலைத்தார்கள். இதெல்லாம் எப்படியிருக்கும் என்று நம் வீட்டு அம்மம்மா, அம்மப்பாக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அந்தச் சட்டத்திலும் ஒரு பெரிய குறை இருந்தது. யூதர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்று எழுதியிருந்தார்கள். அதை நீக்கச் சொல்லிக் கடைசிவரை வாதாடியவர் கவிஞர் ஹென்ரிக் வெர்கலாண்ட். அவர் 1845இல் இறந்தார், தடை 1851இல் நீங்கியது. இன்றைக்கும் மே 17 அன்று யூத இளைஞர்கள் ஒஸ்லோவில் அவருடைய கல்லறைக்குப் போய் மலர்வளையம் வைக்கிறார்கள். மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பிள்ளைகளின் ஊர்வலம் பின்னால் வந்தது. 1870இல் எழுத்தாளர் பியோர்ன்சன் முன்னின்று தொடங்கியபோது ஆண்பிள்ளைகள் மட்டும்தான் நடந்தார்கள், பெண்பிள்ளைகள் 1889இல் சேர்ந்தார்கள். இப்போது ஒஸ்லோவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் கார்ல் யூஹான் வீதி வழியாக அரண்மனை வரை நடக்கின்றன. பள்ளிகளின் இசைக்குழுக்கள் வாசித்துக்கொண்டு வரும், அரச குடும்பம் மாடத்தில் நின்று மணிக்கணக்கில் கையசைக்கும். டாங்கிகள் இல்லை, ஏவுகணைகள் இல்லை. இராணுவ வாகனச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்குக் கீழே ஓடி வளர்ந்தவள் நான். ஒரு நாடு தன்னுடைய பெரிய நாளில் பிள்ளைகளை முன்னால் நடக்கவிட்டதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த ஊர்வலத்தில் நம் பிள்ளைகளுக்கு இடம் சும்மா கிடைக்கவில்லை. 1983இல், வெளிநாட்டுப் பின்னணிப் பிள்ளைகள் நிறையப் பேர் படித்த ஒஸ்லோ பள்ளி ஒன்றுக்குக் குண்டு மிரட்டல் வந்தது. அந்தப் பிள்ளைகள் பயந்து வீட்டில் இருக்கவில்லை, நடந்தார்கள். இன்று எங்கள் பிள்ளைகள் யாரிடமும் கேட்காமல் கொடியோடு நடக்கிறார்கள் என்றால் அதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலையில் ஊர்வலம் தொடங்குமுன், பல ஊர்களில் போரில் இறந்தவர்களின் நினைவுக்கற்களில் மலர்வளையம் வைப்பார்கள். ஜெர்மனியர் பிடித்து வைத்திருந்த வருடங்களில் இந்த நாளைக் கொண்டாடத் தடை இருந்தது. 1945 மே 8இல் விடுதலை, ஒன்பது நாள் கழித்து மே 17. வீட்டில் இழவு விழுந்தவர்களும் அன்றைக்குக் கொடியோடு தெருவுக்கு வந்திருப்பார்கள். அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு அன்றே நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். நாளை சனிக்கிழமை அவளிடம் சொல்வேன்.

இனி மற்ற விஷயங்கள். உடுப்பு பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். நோர்வேக்காரர் அன்று தங்கள் ஊருக்குரிய பாரம்பரிய உடையான பூனாட் உடுத்து, வெள்ளி நகை அணிந்து வருவார்கள். நாங்கள் சேலை, வேட்டி, பாவாடை சட்டையில் போவதும் அந்த நாளுக்கு மரியாதைதான். நெஞ்சில் சிவப்பு, வெள்ளை, நீல நாடாவைக் குத்திவிடுங்கள். மே மாதத்தை நம்பாமல் பாவாடைக்குள்ளே கம்பளி உள்ளுடுப்பும் போட்டுவிடுங்கள். கொடி நிலத்தில் படக்கூடாது என்று சின்னவர்களுக்குச் சொல்லி வையுங்கள். எதிரில் வருகிறவர்களிடம் "கிராத்துலேரர் மெ டாகன்" (இந்த நாளுக்கு வாழ்த்துகள்) என்று வாய் நிறையச் சொல்லுங்கள், பிள்ளைகள் சொல்லட்டும் என்று நாங்கள் பின்னால் நிற்க வேண்டாம்.

ஊர்வலம் முடிந்ததும் பிள்ளைகளை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வராதீர்கள். அவர்களின் பள்ளி வளவில்தான் மிச்சக் கொண்டாட்டம். பொல்ஸ (சொசேஜ்), ஐஸ்கிறீம், கேக், அப்புறம் விளையாட்டுகள். சாக்கோட்டம் இருக்கும். நாங்கள் தேசிக்காயைக் கரண்டியில் வைத்து ஓடினோமே, அதே ஓட்டத்தை இங்கே முட்டையோ உருளைக்கிழங்கோ வைத்து ஓடுவார்கள். அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். இதையெல்லாம் நடத்துவது பெற்றோர்தான். உங்கள் வகுப்புக்கு முறை வந்தால் ஒதுங்காமல் பெயர் கொடுங்கள். கேக் சுட வராதென்றால் றோல்ஸ், கட்லட் கொண்டுவரலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு நம் மண்டபத்தில் விளக்கேற்றி, கஞ்சி கொடுப்போம். பிள்ளைகள் முதல் நாள் குத்திய நாடாவோடு வந்தாலும் கழற்றச் சொல்லாதீர்கள். பெரிய பானை வைத்திருப்பவர்கள் எனக்கு ஒரு குறுஞ்செய்தி போடுங்கள், இரண்டு போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்