விஷம் வேண்டாம், எலி வரும் வழியை மூடுங்கள்

ஆசிரியருக்கு,

குளிர் தொடங்கியதும் எலிகள் கதகதப்பைத் தேடி வீட்டுக்குள் நுழைகின்றன. உடனே விஷம் வைக்கிறார்கள் பலர். அதைத் தின்ற எலி சுவர் இடுக்கில் செத்து நாறும். வந்த வழியோ திறந்தே கிடக்கும்.

சுண்டெலிக்கு 6 மி.மீ. இடைவெளியே போதும். குழாய்கள் சுவரைத் துளைத்து வரும் இடங்களையும் கதவின் அடியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டையில் இரும்பு நார்ச்சுருளை (ஸ்டீல் வுல்) இறுக்கித் திணித்து, மேலே சிமென்ட் பூசுங்கள். வெறும் ஃபோம் (ஓட்டை அடைக்கும் நுரை) என்றால் எலி கடித்துத் துளைத்துவிடும். காற்றுத் துவாரங்களை மூடவே கூடாது, நெருக்கமான கம்பி வலை அடித்தால் போதும்.

உள்ளே இருப்பவற்றுக்குப் பொறி: இரை முனை சுவரைத் தொட வேண்டும், ஏனெனில் எலி சுவரோரமாகவே ஓடும். பெரிய எலிகள் புதுப் பொருளுக்கு மிரளும். சில நாள் விசை ஏற்றாமல் இரை மட்டும் வையுங்கள்.

புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காதீர்கள், தூசியோடு கிருமி பரவும். கையுறை அணிந்து, கிருமிநாசினி தெளித்து, ஊறியபின் துடைத்தெடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்