பெல் அடிக்காத வார்டு

அன்புள்ள செல்வி,

கடிதம் கிடைத்தது. எலும்பு நோயாளிகளுக்கான ஆர்த்தோ வார்டுக்கு இன்சார்ஜ் ஆகியிருக்கிறாய் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அம்மாவின் முட்டிவலி தேவலையா?

கட்டிலுக்குக் கட்டில் பெல் இருந்தும் நோயாளிகள் யாரும் அடிப்பதில்லை, ராத்திரியில் தாங்களாகவே பாத்ரூமுக்கு எழுந்து போய் விழுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். கேட்கச் சொல்வதால் மட்டும் அவர்கள் கேட்கமாட்டார்கள் செல்வி. நாம்தான் முந்திக்கொண்டு போய்க் கேட்க வேண்டும்.

கூச்சம் ஒரு பக்கம். பக்கத்துக் கட்டில்காரர் திட்டு வாங்கியதைப் பார்த்த பயம் இன்னொரு பக்கம். பெட்பேன் கேட்டால் காசு கொடுக்க வேண்டுமோ என்ற கவலையும் உண்டு. அதனால் சாயங்காலத்தோடு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். பிறகு மலச்சிக்கல், நீர்க்கடுப்பு. “இங்கே எதற்கும் யாருக்கும் பணம் தரவேண்டாம்” என்று அட்மிஷன் அன்றே நீயே சொல்லிவிடு.

பெல்லையும் அன்றைக்கே அவர்கள் கையால் ஒருமுறை அழுத்தச் சொல். அழுத்தியதும் நர்ஸ் வந்து நிற்பதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். பெல்லை டிரிப் ஓடாத கைப்பக்கமாகத் தலையணை உறையோடு சேர்த்து ஊக்குக் குத்திவை. பக்கவாதக்காரர் என்றால் நல்ல கைப்பக்கம். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்பவருக்குச் சுவரில் தொங்கும் பெல் எட்டாது. பெல் பழுதானால் ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் போதும்.

“ஏதாவது வேணுமா?” என்று மட்டும் கேட்காதே. “ஒண்ணும் வேண்டாம் சிஸ்டர்” என்றுதான் பதில் வரும். “ஒண்ணுக்குப் போகணுமா, பெட்பேன் வைக்கட்டுமா?”, “திரும்பிப் படுத்தா வலிக்குதா?”, “ஊசி போட்ட இடம் வீங்கி இறுக்கமா இருக்கா?”, “தண்ணி, கண்ணாடி, போன் கைக்கு எட்டுதா?” பகலில் மணிக்கொரு தடவை, இரவில் 2 மணிக்கொரு தடவை இந்த நாலும் போதும். தூங்குகிறவரை எழுப்பாதே.

வலிக்கு 0 முதல் 10 வரை எண் சொல்லச் சொன்னால் பல பாட்டிகளுக்குப் பிடிபடாது. “நல்லா இழுத்து இருமுங்க” என்று சொல்லிவிட்டு முகத்தைப் பார். வலியை அடக்கிக்கொண்டிருப்பவர் இருமவும் மாட்டார், நடக்கவும் மாட்டார். சளி கட்டும், காலில் ரத்தம் உறையும்.

மருமகள் பக்கத்தில் நின்றால் மாமனார் சிறுநீர் பற்றி வாய் திறக்கமாட்டார். துணைக்கு இருப்பவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, ஸ்கிரீன் இழுத்துவிட்டுக் கேள். முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் ஆனவர் 6 மணி நேரமாகியும் போகவில்லை என்றால், அவர் “வரலை” என்று சொன்னாலும் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துவிடு.

சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் லாசிக்ஸ் மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி 6 மணி நேரம் போல இழுக்கும். இரவு 8 மணிக்குக் கொடுத்தால் 2 மணி வரை எழுந்துகொண்டேதான் இருப்பார்கள். டாக்டரிடம் பேசி இரண்டாவது டோஸை மாலை 4 மணிக்கு முன்பாக மாற்றிக்கொள். எழுகிறவரைக் கட்டில் ஓரத்தில் 2 நிமிஷம் உட்காரவைத்த பிறகே நிற்கவிடு.

எனக்கு இதில் மிகவும் முக்கியமாகப் படுவது, ஒருவர் முதல் தடவை கேட்கும்போது கிடைக்கிற பதில். “இருங்க வரேன்” என்று சொல்லிவிட்டு மறந்துபோனால் அவர் டிஸ்சார்ஜ் வரை வாய் திறக்கமாட்டார். பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்துக் கட்டில்காரரும்தான். “டிரிப் மாத்திட்டு 10 நிமிஷத்துல வரேன்” என்று நேரத்தைச் சொல். போக முடியாவிட்டால் வேறு ஒருவரை அனுப்பு. மாணவிகளுக்கு இதை முதல் வாரமே பழக்கிவிடு.

வடநாட்டுத் தொழிலாளிகளுக்குப் படம் போட்ட அட்டை வை. வலிக்கு தர்த், தண்ணீருக்கு பானி, சிறுநீருக்கு பேஷாப். இந்த மூன்று சொல்லையும் நைட் டியூட்டிக்காரர்கள் தெரிந்துகொண்டாலே பாதிக் கஷ்டம் குறையும்.

விழுந்தவர்கள் எத்தனை மணிக்கு, எதற்காக எழுந்தார்கள் என்று ஒரு மாதம் நோட்டில் குறித்து வை. எந்த நேரத்தில் அதிகம் என்று தெரிந்தால், இரவு ரவுண்டை அதற்குக் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கை எனக்கும் எழுது.

அன்புடன்,
வசந்தா