பென்சனுக்கும் பஞ்சப்படி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) பிடித்தத்துக்கும் பென்சனுக்கும் கணக்கில் எடுக்கும் சம்பள உச்சவரம்பை 15,000 ரூபாயிலிருந்து 25,000 ஆக்கலாம் என்ற பேச்சு பற்றித் தங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். உயர்த்தட்டும், நல்லதுதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால், ஏற்கெனவே பி.எஃப். பென்சன் வாங்கிக்கொண்டிருக்கும் எங்களுக்கு அதனால் ஒரு ரூபாய்கூடக் கூடப்போவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் ஒரு நூற்பாலையில் டைம் ஆபீஸ் எழுத்தராக இருந்தவன். 1996-இல் வேலை நிரந்தரமாகி பி.எஃப்.பில் சேர்ந்தேன். 2013-இல் 58 வயதில் ஓய்வு. பென்சன் கணக்கு சுலபம். கடைசிச் சம்பளச் சராசரியைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். என் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 6,500-ஐத் தாண்டியிருந்தாலும் அன்றைய உச்சவரம்பு 6,500 என்பதால் கணக்கு அதற்குத்தான். 17 ஆண்டு. 1,579 ரூபாய். 2013-இல் வங்கியில் விழுந்தது 1,579. போன மாதம் விழுந்ததும் அதே 1,579. இடையில் கேஸ் விலை, மாத்திரை விலை, வீட்டு வாடகை எல்லாம் எங்கே போய்விட்டன என்று தங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மில்லில் வேலை பார்த்தவர்களுக்குப் பஞ்சப்படி என்றால் தெரியும். விலைவாசிப் புள்ளி (விலைவாசிக் குறியீட்டு எண்) ஏறினால் புள்ளிக்கு இவ்வளவு என்று சம்பளமும் ஏறும். புள்ளி வந்ததும் முதல் வேலையாக அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவேன். ஷிப்ட் மாறும் நேரத்தில் அந்த போர்டு முன்னால் நிற்கிற கூட்டம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அந்தப் பஞ்சப்படியையும் சேர்த்துத்தான் பி.எஃப். பிடித்தம். முதலாளி பங்கான 12 விழுக்காட்டில் 8.33 பென்சன் நிதிக்குப் போவதும் அதையும் சேர்த்த தொகையில்தான். பணம் பிடிக்கும்போது விலைவாசி கணக்கில் வருகிறது, திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் காணாமல் போய்விடுகிறது. இது எந்த ஊர் நியாயம்?

மத்திய, மாநில அரசுகளில் பணியாற்றி ஓய்வுபெற்றுப் பழைய திட்டத்தில் பென்சன் வாங்குபவர்களுக்கு அகவிலைப்படி உண்டு, அதுவும் பஞ்சப்படிதான். ஜனவரியிலும் ஜூலையிலும் கணக்குப் பார்க்கிறார்கள். அது அவர்களுக்குக் கிடைப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. கிடைக்கத்தான் வேண்டும். கடையில் அவர்கள் வாங்கும் துவரம்பருப்பும் நாங்கள் வாங்கும் துவரம்பருப்பும் ஒரே விலைதானே என்பதுதான் என் கேள்வி.

எங்கள் மில்லில் கோன் வைண்டிங்கில், அதாவது நூல் சுற்றும் பிரிவில் இருந்த ஓர் அம்மா. 11 ஆண்டு பணி, கணக்குக்கு எடுத்த சம்பளம் 4,000 ரூபாய். சூத்திரப்படி வந்தது 629. 2014 செப்டம்பரில் குறைந்தபட்சப் பென்சன் 1,000 என்று அறிவித்தபோது அவருக்கு அது ஆயிரமானது. அதோடு சரி. அவருடைய தங்கை காட்டு வேலைக்குப் போனவர், பி.எஃப். என்றால் என்னவென்றே தெரியாது. தமிழக அரசு 2023-இல் முதியோர் உதவித்தொகையை 1,000-லிருந்து 1,200 ஆக உயர்த்தியபோது தங்கைக்கு 200 ரூபாய் கூடியது. அக்கா என்னிடம் வந்து, "ஏனுங்கண்ணா, நான் கட்டுனதுக்குத்தான் கம்மிங்களா?" என்று கேட்டார். இத்தனை வருடம் கணக்கு எழுதிய எனக்கு அதற்கு ஒரு பதிலும் சொல்லத் தெரியவில்லை. உயிர்வாழ்வுச் சான்றுக்காக ஒவ்வொரு வருடமும் அவரை நான்தான் இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போகிறேன். நூல் ஓடி ஓடித் தேய்ந்த விரல்கள், ரேகை விழுவதில்லை. மையத்தில் இருக்கும் பெண் பிள்ளை துணியால் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்பாள். கடைசியில் எப்படியோ ஒரு விரல் விழும்.

குறைந்தபட்சத் தொகையை 3,000 ஆக்கலாம் என்று பகத்சிங் கோஷ்யாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2013-லேயே சொல்லிவிட்டது. ஓய்வூதியர்கள் இன்று கேட்பது 7,500 ரூபாயும் அகவிலைப்படியும். தொகை எவ்வளவு என்பதைப் பேசி முடிவு செய்யலாம். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் முக்கியம். 7,500 என்று ஒரு எண்ணைச் சட்டத்தில் எழுதிவிட்டு மறந்தால், பத்து வருடத்தில் அதுவும் இன்றைய ஆயிரம் மாதிரி ஆகிவிடும். உச்சவரம்பும் அப்படித்தான். 2001-இல் 6,500 ஆனது. அடுத்து உயர்ந்தது 2014-இல், 15,000 ஆக. அதற்குள் இடைப்பட்ட காலத்தில் ஓய்வுபெற்றவர்கள் எல்லாம் என்னைப் போல 6,500-இல் மாட்டிக்கொண்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு தம்பி, முதல் வேலையே சூப்பர்வைசர், அடிப்படைச் சம்பளம் 18,000. 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முதலாக பி.எஃப்.பில் சேரும்போதே 15,000-ஐத் தாண்டியவர்களுக்குப் பென்சன் திட்டத்தில் இடமில்லை. அவனுக்கு இது தெரியவே தெரியாது. சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்து நான்தான் சொன்னேன். அந்த வகையில் உச்சவரம்பை உயர்த்துவது அவனைப் போன்ற பிள்ளைகளுக்குக் கட்டாயம் தேவை.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 25,000 சம்பளக்காரருக்கு இப்போது 15,000-க்கு மட்டும் பிடிக்கிறார்கள் என்றால் 12 விழுக்காட்டுக்கு 1,800 ரூபாய், உச்சவரம்பு உயர்ந்தால் 3,000. மாதம் 1,200 ரூபாய் கையில் குறையும், முதலாளிக்கும் அதே அளவு கூடும். சிறிய மில்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் மூன்றாவதாக ஒரு பங்குதாரர் இருக்கிறார், அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பென்சன் நிதிக்கு மத்திய அரசின் பங்கு சம்பளத்தில் 1.16 விழுக்காடு. 1971-இல் குடும்ப ஓய்வூதியத் திட்டம் வந்தபோதும் அதேதான், 1995-இல் இந்தப் பென்சன் திட்டம் வந்தபோதும் அதேதான், இன்றும் அதேதான். புள்ளிக்கேற்ற உயர்வுக்கான செலவை இந்தப் பங்கைக் கூட்டி ஏற்றுக்கொள்ளட்டும். வேலையில் இருப்பவர்களிடம் கொஞ்சம் கூடப் பிடித்தாலும் மறுக்க மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன், பின்னால் விலைவாசியோடு சேர்ந்து ஏறும் என்ற உறுதி சட்டத்திலேயே இருந்தால்.

இதற்கு இப்போது நேரமும் வாய்த்திருக்கிறது. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 21.11.2025 அன்று நடைமுறைக்கு வந்தது. பழைய பி.எஃப்., பென்சன் திட்டங்கள் அந்த நாளிலிருந்து ஓராண்டு தொடரலாம் என்கிறது சட்டம். அதற்குப் பதிலான புதிய திட்டத்தில் பென்சன் சூத்திரத்தோடு விலைவாசிப் புள்ளியையும் சேர்த்து எழுதிவிட்டால் ஒவ்வொரு முறையும் டெல்லிக்குப் போய்ப் போராட வேண்டியதில்லை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இது தொடர்பான வரைவுகள் மத்திய அரசிதழில் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வருகின்றன. பென்சன் திட்ட வரைவு எப்போது வந்தாலும் அதைத் தமிழில், ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசித் தேதியோடு வெளியிடுங்கள். மனு எழுதிக் கொடுக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பகுதி பழைய மில் தொழிலாளர்கள் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் எழுத்தர்,
சூலூர்.