பள்ளி வாகன ஆய்வில் ரேடியேட்டர் மூடியையும் சேர்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை வந்துவிட்டால் வாலாஜாபேட்டை முதல் வாணியம்பாடி வரையிலான தேசிய நெடுஞ்சாலையில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும் வேன்களையும் சிறு சரக்கு வாகனங்களையும் நாம் அன்றாடம் பார்க்கிறோம். மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிற வேலூர் வெயிலின் மீதே எல்லோரும் பழியைப் போடுகிறார்கள். வெயிலுக்கும் அதில் பங்கு உண்டுதான். ஆயினும், சரியாக இயங்கும் குளிர்விப்பு அமைப்பு இந்த வெயிலையும் தாங்கும்படிதான் வடிவமைக்கப்படுகிறது. அது தாங்காமல் போகும்போது ரேடியேட்டர், தண்ணீர் பம்பு, மின்விசிறி என்று எல்லாவற்றையும் பார்க்கிற நாம், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரேடியேட்டர் மூடியை மட்டும் பார்ப்பதில்லை என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக வாகன உரிமையாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

அந்த மூடி தண்ணீர் சிந்தாமல் இருப்பதற்காக மட்டும் வைக்கப்பட்டதல்ல. சமையலறைக் குக்கரின் வெயிட்டைப் போல, உள்ளே குறிப்பிட்ட அளவு அழுத்தம் சேரும் வரை அது பிடித்து வைத்திருக்கிறது. சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 0.9 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கூடுதல் அழுத்தத்தில் ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காது. கூலண்ட் எனும் குளிர்விப்புத் திரவம் சரியான விகிதத்தில் கலந்திருந்தால் அந்த வரம்பு இன்னும் உயரும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வாஷர் இறுகி வெடித்தாலோ இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடுகிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் முதல், இரண்டாம் கியரிலேயே ஏறும் வண்டிக்கு இது இரட்டைச் சோதனை. எஞ்சின் அதிகமாக உழைக்கிறது. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீரின் கொதிநிலையும் மலையுச்சியில் 3 டிகிரிக்கு மேல் இறங்கிவிடுகிறது.

அழுத்தம் எல்லை மீறினால் திறக்கும் வால்வைப் பலர் அறிவார்கள். அதன் நடுவில் இன்னொரு சிறிய வால்வு இருப்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. சூட்டில் விரிந்து பக்கத்து டப்பாவுக்குச் சென்ற கூலண்டை, எஞ்சின் ஆறும்போது ரேடியேட்டருக்குள் திரும்ப அனுமதிப்பது அந்தச் சிறிய வால்வுதான். நம் பகுதியில் முதலில் கெடுவதும் பெரும்பாலும் அதுவே என்பது என் கருத்து. பாலாற்றுப் படுகையில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல ஊர்களில் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட கதை தங்கள் வாசகர்களுக்குப் புதிதல்ல. குடிக்கத் தயங்கும் அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் மட்டும் தயங்காமல் ஊற்றுகிறோம். அது சூடேறும்போது படியும் வெள்ளைப் படிவம் ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களை அடைப்பதோடு, மூடியின் வால்வு அமரும் இடத்திலும் ஒட்டிக்கொள்கிறது. அதனால் வால்வு சரியாக மூடாமல் அழுத்தம் கசியும். அல்லது ஒட்டிக்கொண்டு திறக்காமல், வண்டி ஆறிய பிறகு ரேடியேட்டரின் மேல் ஹோஸ் (ரப்பர் குழாய்) உள்ளே உறிஞ்சப்பட்டு நசுங்கிக் கிடக்கும். டப்பாவில் கூலண்ட் நிரம்பி வழிய, ரேடியேட்டரில் மட்டம் குறைந்திருந்தாலும் மூடியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தண்ணீர் குறையக் குறைய மேலும் போர் தண்ணீரை ஊற்றுவதால் கெடுதல்தான் வளர்கிறது. சுத்திகரிக்கப்பட்ட தண்ணீரும் கூலண்டும் கலந்து ஊற்றுவதற்கு ஆகும் செலவு, எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போனால் ஆகும் செலவில் ஒரு சிறு பகுதிகூட இல்லை.

மூடி மாற்றுவதிலும் ஒரு கவனக்குறைவு இருக்கிறது. கழுத்தில் பொருந்தினால் போதும் என்று கிடைத்ததை வாங்கி மாட்டுகிறார்கள். மூடியின் தலையில் 0.9, 1.1 என்றோ 88, 108 என்றோ அச்சிடப்பட்டிருக்கும். முதல் வகை பார் அல்லது சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ கணக்கு, இரண்டாவது கிலோ பாஸ்கல் கணக்கு. வண்டி தயாரிப்பாளர் குறித்த எண்ணுக்கு மாறானதை மாட்டக் கூடாது. குறைந்த அழுத்த மூடி சீக்கிரமே பொங்க வைக்கும். பொங்குகிறதே என்று கூடுதல் அழுத்த மூடி போட்டால் பழைய ஹோஸோ, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பக்கத் தொட்டியோ வெடிக்கும். எண் ஒன்றாக இருந்தாலும் ஸ்பிரிங்கின் நீளம் கழுத்தின் ஆழத்துக்கு ஒத்துவராவிட்டால் பயனில்லை.

வண்டி சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே 100 டிகிரிக்கு மேல் கொதிக்காமல் நிற்கும் நீர், அழுத்தம் நீங்கிய கணமே ஆவியாகிப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். எஞ்சினை நிறுத்தி அரை மணி நேரமாவது ஆறவிட்டு, மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்து, தடித்த துணியால் பிடித்து முதல் தடை வரை மட்டும் திருப்பி, எஞ்சிய அழுத்தம் வெளியேறிய பிறகே முழுமையாகக் கழற்ற வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டுவதும் உலோகத்தில் விரிசல் விழச் செய்யும்.

இறுதியாக, போக்குவரத்துத் துறைக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் மே மாதத்தில், பள்ளிகள் திறக்கும் முன், பள்ளி வாகனங்களை நிறுத்திவைத்து அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றை ஆய்வு செய்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, ரப்பரையும் வால்வையும் பார்த்து, கைப்பம்பு கொண்ட சோதனைக் கருவியில் பொருத்தி, குறித்த அழுத்தத்தில் அது நிற்கிறதா என்று அறிய ஒரு வண்டிக்குச் சில நிமிடங்களே ஆகும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இந்தச் சோதனையை வரும் ஆய்விலேயே சேர்க்கவும், தகுதிச் சான்று புதுப்பிக்க வரும் வேன்களுக்கும் படிப்படியாக விரிவுபடுத்தவும் அதிகாரிகள் ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குடியாத்தம்.