ஆஃப்டன் கேன்யன்ல கூட நின்ன எல்லாருக்கும் நன்றி

சனிக்கிழமை கலிஃபோர்னியாவோட மொஹாவி பாலைவனத்துல இருக்குற ஆஃப்டன் கேன்யன் பள்ளத்தாக்குக்கு மண் ரோட்டுல வண்டி ஓட்டிட்டு எங்க கூட வந்தவங்களுக்கும், நாங்க யாருன்னே தெரியாம வண்டிய நிறுத்தி இறங்கி வந்தவங்களுக்கும் சேர்த்துதான் இந்த நன்றி. இருட்டுறதுக்குள்ள ஹைவே பிடிக்கணும்ங்கிற அவசரத்துல யார்கிட்டயும் நின்னு சொல்ல முடியல.

முதல்ல, முன்னாடி வண்டி ஓட்டுன அண்ணனுக்கு. ஐ-15 ஹைவேல இருந்து இறங்கி மண் ரோடு ஆரம்பிச்சதுமே எல்லாரையும் நிறுத்தி டயர் காத்த 35 psiல இருந்து 18க்கு இறக்க வச்சு, ஒவ்வொரு வண்டியா நீங்களே கேஜ் வச்சு பாத்தீங்க. மொஹாவி ஆறு பெரும்பாலும் மணலுக்கு அடியிலயே ஓடுற ஆறு, ஆஃப்டன்ல அடியில பாறை தடுக்குறதால தண்ணி மேல வந்துடுது, அதனால காஞ்ச மாதிரி தெரியுற மணலையும் நம்பாதீங்கன்னு நீங்க சொன்னதுக்கு அப்புறம் எனக்கு அந்த இடத்த பாக்குற கண்ணே மாறிடுச்சு அண்ணே.

ரயில் பாலத்துக்குப் பக்கத்துல தண்ணி தாண்டுற இடத்துல கம்ப ஊனிக்கிட்டு முதல்ல இறங்கி நடந்த அக்காவுக்கு பெரிய நன்றி. பழைய டயர் தடம் தெளிவாத்தான் இருந்துச்சு, அப்படியே விட்டுருக்கலாம், ஆனா வெள்ளம் வந்து போனா குழி இடம் மாறிடும்னு அந்த சில்லுன்னு இருக்குற தண்ணியில அக்கரை வரைக்கும் போய் பாத்து, திரும்பி வந்து, மெதுவா ஒரே சீரா வாங்க நடுவுல நிறுத்தாதீங்கன்னு ஒவ்வொருத்தருக்கா கை காட்டுனீங்க. கரை ஏறுனதும் பிரேக்க லேசா மிதிச்சு காய வைக்கச் சொன்னதும் நீங்கதான்.

அப்புறம் அந்தப் பெரியவர். எங்க வண்டி ஈர மணல்ல ஆக்ஸில் வரைக்கும் இறங்கி நின்னப்ப எதிர்ல வந்தவர், நாங்க கேக்கவே இல்ல, அவரா வந்தார். உடனே இழுக்கல. மண்வெட்டிய எடுத்து சக்கரத்துக்கு முன்னாடி மணல வாரி சரிவு போட்டார், இழுக்குற ஸ்ட்ராப்ப டோ பால்ல (டிரெய்லர் மாட்டுற இரும்பு உருண்டை) மாட்டப் போன தம்பிய தடுத்து, அந்த உருண்டை உடைஞ்சா குண்டு மாதிரி பறக்கும்னு சொல்லி, சேஸிஸ்ல இழுக்குறதுக்குன்னே இருக்குற ரெக்கவரி பாயிண்ட்ல மாட்ட வச்சார், எல்லாரையும் தூரமா போகச் சொல்லிட்டு குழந்தைங்க எங்க நிக்கிறாங்கன்னு தானே ஒரு தடவ பாத்துட்டுதான் வண்டிய எடுத்தார். இழுத்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதுக்கு முன்னாடி அவர் காட்டுன நிதானத்துக்குத்தான் நான் கை எடுத்துக் கும்பிடுறேன்.

பாறை மேல பிக்ஹார்ன்ங்கிற பெரிய கொம்பு காட்டு ஆடு நிக்குதுன்னு ரேடியோல சொல்லி எல்லா இன்ஜினையும் ஆஃப் பண்ண வச்ச தம்பி, என் பொண்ணு இன்னும் அதையேதான் பேசிட்டு இருக்கா, தேங்க்ஸ்டா.

நாம ஓட்டிட்டுப் போன மொஹாவி ரோடு அந்த மண்ணோட பூர்வகுடிகள் தண்ணி இருக்குற இடமா பாத்து நடந்து போட்ட வழி. அத மறுபடியும் கண்டுபிடிச்சு கல்ல அடுக்கி அடையாளம் வச்ச டென்னிஸ் கேஸ்பியருக்கும் அவர்கூட உழைச்ச தன்னார்வலர்களுக்கும் நன்றி சொல்லாம இத முடிக்க எனக்கு மனசு வரல.

அந்தப் பெரியவரோட பேர யாராவது கேட்டு வச்சிருந்தா எனக்கு சொல்லுங்க, நேர்ல போய் பாக்கணும்.