கிராண்டுல (வீட்டு உரிமைப் பத்திரத்துல) யாரு பேரு இருக்குன்னு பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். பேராக், சுங்கை சிப்புட் பக்கத்துல இருந்து எழுதுறேன். எங்க அக்கா 28 வருஷம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்க, தோட்டத்த வித்து குடியிருந்த லயத்த காலி பண்ணச் சொன்னப்ப 55 வயசுல எடுத்த ஈபிஎப் (சேமநிதி) காசு, கூட்டு (சீட்டு) புடிச்ச காசு எல்லாத்தையும் போட்டுத்தான் ஒரு மலிவு விலை வீடு வாங்குனாங்க. கையெழுத்து போடுற அன்னிக்கு பேப்பர் எழுதுனவரு "வீட்டுக்காரர் பேர்லயே போட்ருவோம்மா"ன்னாரு, அக்காவும் தலையாட்டிட்டாங்க. இப்ப மாமா அந்த வீட்ட அடமானம் வைக்கப் போறேன்னு நிக்கிறாரு. மைலோ டின்னுக்குள்ள மடிச்சு வச்சிருந்த ரசீதையெல்லாம் தரையில பரப்பி வச்சிக்கிட்டு அக்கா அழுவுறாங்க, ரசீது பூரா அவங்க கட்டுனது, கிராண்டுல மட்டும் அவங்க பேரு இல்ல.

புருஷன் இருக்கறப்ப பொம்பள பேர்ல எதுக்கு சொத்துன்னு இன்னும் நம்மாளுங்க கேக்குறாங்க. நம்ம மலேசியாவுல திருமணமான பெண்கள் சட்டம் 1957லயே வந்தாச்சுங்க. கல்யாணம் ஆகாத பொண்ணு எப்படி சொத்து வாங்குறாளோ விக்கிறாளோ அதே மாதிரி கல்யாணம் ஆனவளும் செய்யலாம், தன் பேர்லயே கேஸும் போடலாம். புருஷன் வாங்குன கடனுக்கும் அவ பொறுப்பில்ல, ஜாமீன் கையெழுத்து போட்டுட்டா மட்டும் கதை வேற, அதுல ஜாக்கிரதையா இருங்க.

விவாகரத்துன்னு போனா கோர்ட்டுல பங்கு பிரிச்சுக் குடுப்பாங்க, வீட்டயும் புள்ளைங்களயும் பாத்துக்கிட்டதையும் கணக்குல சேத்துக்குவாங்கன்னு எனக்கும் தெரியும். ஆனா அக்கா விவாகரத்தா கேக்குறாங்க, அவங்க காசுல வாங்குன வீட்டத்தானே கேக்குறாங்க. அதுவுமில்லாம அந்தக் கேஸுக்கு கல்யாணம் பதிஞ்சிருக்கணும், பதியணும்னு சட்டம் வந்த 1982 மார்ச்சுக்கு அப்புறமும் கோயில்ல தாலி கட்டுனதோட விட்ட குடும்பம் எங்க பக்கம் நெறைய இருக்கு.

நெல ஆபீஸ்ல கேவியட்னு ஒன்னு போட்டா அவசரத்துல வீட்ட விக்கவோ அடமானம் வைக்கவோ முடியாம நிறுத்தலாமாம், இதுவே எங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. ரசீதெல்லாம் எடுத்துக்கிட்டு அக்காவ ஈப்போவுல சட்ட உதவி ஆபீஸுக்கு கூட்டிட்டுப் போறேன்.

ஐயா, உங்க பத்திரிகையில வக்கீல் யாரையாவது வாரம் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்க, எந்த பாரம், எந்த கவுண்டர், என்னென்ன காப்பி வேணும்னு நம்ம தமிழ்ல. மலாய் பாரத்த படிக்கத் தெரியாம அடுத்தவங்க வெரல் வச்சுக் காட்டுற எடத்துல கையெழுத்து போட்டவங்க எங்க அக்கா மட்டும் இல்ல.

இப்படிக்கு,
வாசகி, சுங்கை சிப்புட்